முள் ஏன் நிற்கவில்லை

திருச்செங்கோடு
12-6-1983

அர்த்தநாரீஸ்வரர் துணை

அன்புள்ள தண்டாயுதபாணி மச்சானுக்கு அருணகிரி எழுதிக்கொண்டது.

நான், உங்கள் தங்கை செல்லியம்மாள், குழந்தை மயிலு மூவரும் இங்கே சௌக்கியம். ஜெர்மனியில் இப்போது குளிர் விட்டிருக்கும். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நீங்கள் கொடுத்தனுப்பிய டர்போவை உங்கள் சிநேகிதர் காளியப்பன் சேலம் வந்த மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பெட்டியைத் தூக்கிய போர்ட்டர், "உள்ள அம்மிக்கல்லா வச்சிருக்கீங்க?" என்று கேட்டானாம். உடைந்த காரிலிருந்து எடுத்து நீங்களே பிரித்துச் சுத்தம் செய்தது என்று சொன்னால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள். புதுச் சாமான் போல மின்னுகிறது.

நம் பட்டறையில் நிற்கும் பழைய ஃபியட்டில் அதைப் பூட்டிவிட்டேன். மூன்று வாரம் ஆயிற்று. டேஷ்போர்டில் காற்றழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றை வைத்து அதுவரைக்கும் செம்புக் குழாய் இழுத்திருக்கிறேன். நேற்று சங்ககிரி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியரில் மிதித்தேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது போல வண்டி கிளம்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் தங்கை, "ஏனுங்க, நிறுத்துங்க, எறங்கிக்கறேன்" என்று கத்தினாள்.

ஜனவரியில் ஏர்க்காட்டு மலை ரோட்டில் பந்தயம் வைக்கப் போகிறார்கள். சேலத்து முதலாளி வீட்டுப் பையன்கள் புது வண்டியோடு வருவார்கள். பத்து வருஷமாகப் போர்க்கிணறு போடும் ரிக் லாரிக்குக் கிரீஸ் வைத்த கை இது. என் பெயர் பட்டறை வாசலைத் தாண்டினதில்லை. ஒரு தடவை தாண்டட்டும் என்று இருக்கிறது மச்சான்.

மீட்டரில் எத்தனை பவுண்டு வரைக்கும் விடலாம்? அதை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

தங்கள் மாப்பிள்ளை
அருணகிரி

அண்ணா, ஓரத்தில் நானும் எழுதிக்கொள்கிறேன். சாப்பிடக் கூப்பிட்டால் வண்டிக்கு அடியிலிருந்து கால் மட்டும்தான் பதில் சொல்கிறது. ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. — செல்லி


ஸ்டுட்கார்ட்
3-7-1983

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் முதுகுக்கு ஒன்றுமில்லை. குழந்தைக்கு இருமல் இருந்ததே, விட்டதா?

எங்கள் தொழிற்சாலையில் புது ஆட்களுக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். எஞ்சின் விடும் புகை ஒரு விசிறியைச் சுற்றுகிறது. அந்த விசிறி மறுபக்கத்தில் காற்றை அழுத்தி எஞ்சினுக்கே ஊட்டுகிறது. அதிகம் ஊட்டினால் அதிகம் ஓடும். ஆனால் உங்கள் வண்டி இதற்குப் பிறந்ததில்லை. பதினெட்டு வருஷத்துப் பிஸ்டன். அதனால்தான் புகைக்குப் பக்கவழியாக ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அழுத்தம் அளவைத் தொட்டதும் கதவு திறந்து, புகை விசிறியைத் தொடாமல் வெளியே போய்விடும். ஐந்து பவுண்டில் திறக்கும்படி ஸ்பிரிங்கை வைத்து அனுப்பியிருக்கிறேன். மீட்டர் முள் ஐந்தில் வந்து நிற்க வேண்டும். அதற்குமேல் வேண்டாம்.

செல்லிக்குச் சொல்லுங்கள்: காலோடு பேசப் பழகிக்கொள்ளட்டும்.

தண்டாயுதபாணி


திருச்செங்கோடு
21-8-1983

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் சுகம். குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது. இங்கே நல்ல மழை, ஊரெல்லாம் பச்சை.

போன ஞாயிறு ஏர்க்காடு ஏறிப் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வண்டி முக்குகிறது. முள் சொன்னபடி ஐந்தில் நிற்கிறது, அதுதான் சங்கடம். கதவுக்குப் போகிற கம்பியில் ஒரு நட்டு இருக்கிறதே, அதை முறுக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும் அல்லவா? நானாகத் தொடமாட்டேன். நீங்கள் சொன்னால்தான் தொடுவேன். ஆனால் சொல்லுங்கள் மச்சான்.

அருணகிரி


ஸ்டுட்கார்ட்
14-9-1983

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் மூவரின் படமொன்று அனுப்பக் கூடாதா? மயிலு எவ்வளவு உயரம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் யோசித்தேன். நட்டை இரண்டு மரை முறுக்குங்கள். ஏழு பவுண்டு வரும். நல்ல பெட்ரோல் மட்டும் போடுங்கள். எஞ்சினில் சில்லறை குலுக்குவது போலச் சத்தம் கேட்டால் உடனே காலை எடுத்துவிடுங்கள். ஏழுதான் முடிவு. மூன்றாவது மரையைப் பற்றி எனக்கு எழுதவே எழுதாதீர்கள்!

பந்தயத்தன்று நான் இங்கே வேலையில் இருப்பேன். மனசு அங்கே மலை ரோட்டில் இருக்கும்.

தண்டாயுதபாணி


திருச்செங்கோடு
28-11-1983

அன்புள்ள அண்ணாவுக்குச் செல்லியம்மாள் எழுதுவது.

நானும் மயிலுவும் சுகமாக இருக்கிறோம். மாமனார் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். அவரும் சுகம். உங்களுக்கு அங்கே பனி தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் மாப்பிள்ளை உங்களிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். இரண்டு மரைதான் முறுக்கினார். சில நாள் முள் ஏழில் வந்து நின்றது. பிறகு ஒருநாள் நிற்கவில்லை. பத்து, பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அது ஏன்?

என்னென்ன காரணம் இருக்கும் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். எனக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

செல்லியம்மாள்


ஸ்டுட்கார்ட்
15-12-1983

அன்புள்ள செல்லிக்கு,

இரண்டு மாதம் கடிதமில்லாமல் தீபாவளியன்று அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. மாப்பிள்ளை ஏன் எழுதவில்லை? பந்தயம் நெருங்கியதும் மச்சானை மறந்துவிட்டாரா?

அவர் கேட்டது நல்ல கேள்வி. முள் நிற்கவில்லை என்றால் கதவு திறக்கவில்லை என்று அர்த்தம். கரி பிடித்துக் கதவு இறுகியிருக்கலாம். கையால் அசைத்தால் தெரியும். யாராவது நட்டை இன்னும் முறுக்கியிருக்கலாம். வெளியே தெரியும் மரையை எண்ணினால் தெரியும். இல்லையென்றால் ஓஸ் விட்டுப்போயிருக்கும். மூன்றையும் அவரைப் பார்க்கச் சொல். பார்க்கும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம்.

உன் மாமனார் வந்திருப்பது நல்லது. பட்டறைக்கும் ஒரு துணை. அவரை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்
தண்டாயுதபாணி


திருச்செங்கோடு
6-1-1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். மயிலுவுக்கு ஒரு பல் விழுந்தது.

நீங்கள் எழுதியபடி பார்த்தாயிற்று. கதவு கையால் தள்ளினால் லேசாக ஆடுகிறது. மரையை எண்ணினேன். இரண்டுதான் கூடுதல். நட்டுக்கு மேல் அவர் போட்ட சிவப்புப் பெயிண்ட் கலையவில்லை.

ஓஸ் என்று எழுதியிருந்தீர்களே, அது எது? சுண்டுவிரல் பருமனில் கறுப்பு ரப்பர் ஒன்று இருக்கிறது. அதுதானா? அது எதற்கு? அது விட்டுப்போனால் ஒரேயடியாக விட்டுப்போகுமா, கொஞ்சம் கொஞ்சமாக நழுவுமா? கிளிப் இல்லாமல் சொருகி மட்டும் வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

செல்லியம்மாள்


ஸ்டுட்கார்ட்
25-1-1984

அன்புள்ள செல்லிக்கு,

பனி முழங்கால் அளவு கிடக்கிறது. நான் சுகம். மயிலுவின் பல்லைக் கூரைமேல் எறிந்தீர்களா?

நீயே மரை எண்ணும் அளவுக்கு வந்துவிட்டாயே, பட்டறையில் உனக்குச் சம்பளம் உண்டா?

ஆம், அந்தக் கறுப்பு ரப்பர்தான். அது சின்னதாக இருக்கிறதே என்று நினைக்காதே. எஞ்சினின் உயிர் அதில்தான் இருக்கிறது. அழுத்தம் எவ்வளவு என்று கதவுக்குச் சொல்வது அந்த ஓஸ்தான். அது கழன்றுவிட்டால் கதவுக்குச் சேதி போகாது. கதவு மூடியே கிடக்கும். டர்போ தன் இஷ்டத்துக்கு ஊட்டும். அந்தப் பழைய எஞ்சின் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. பிஸ்டன் ஓட்டையாகி எஞ்சின் அப்படியே இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

கிளிப் இல்லாமல் சொருகினால் மெதுவாக ஓட்டும்வரை இருக்கும். அழுத்திய அன்று நழுவிவிடும். எண்ணெய்ப் பசை பட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். கிளிப் இல்லாமல் ஒருநாளும் ஓட்டக் கூடாது என்று நான் சொன்னதாக மாப்பிள்ளையிடம் சொல்.

பந்தயம் முடிந்திருக்குமே? ஜெயித்தாரா தோற்றாரா என்று ஒரு வரிகூட இல்லையே. உடனே எழுது.

தண்டாயுதபாணி


ஸ்டுட்கார்ட்
10-3-1984

செல்லி,

காளியப்பன் சேலத்திலிருந்து எழுதிய கடிதம் நேற்று வந்தது. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான். "உங்கள் தங்கை வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு மாசமாச்சு, நீங்கள் வராதது பற்றி ஊரில் பேசிக்கொள்கிறார்கள்" என்று.

என்ன கேட்பது என்று தெரியவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை. பல் விழுந்ததைப் பற்றி எழுதினாயே, பந்தயத்தைப் பற்றிக் கேலி பேசினேனே. எல்லாக் கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "அவரைப் பார்க்கச் சொல்", "அவரிடம் சொல்" என்று யாரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்?

நான்தான் கொன்றேன். ஐந்து என்று சொன்ன நானே ஏழு என்றும் சொன்னேன். அவர் "நானாகத் தொடமாட்டேன்" என்று எழுதினார். நான் தொடச் சொன்னேன். அந்த இரண்டு மரை என்னுடையது. வேலைக்குப் போகவில்லை. இனி அந்தச் சாமானைக் கையால் தொட முடியுமென்று தோன்றவில்லை. மே மாதம்தான் லீவு தருவார்கள். அதற்குமுன் வேலையை விட்டு வந்துவிடவா? ஒரு வரி எழுது.

தண்டாயுதபாணி


திருச்செங்கோடு
2-4-1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடாமல் இருக்காதீர்கள். வேலையை விட வேண்டாம். இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு யோசியுங்கள்.

அக்டோபர் இருபதாம் தேதி, வியாழக்கிழமை காலை. ஆயுத பூஜை கழிந்து ஐந்தாம் நாள். "பூஜை போட்டதுக்கப்பறம் இன்னும் அழுத்தியே பாக்கலே செல்லி, ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்" என்று சங்ககிரி ரோட்டுக்குத் தனியாக எடுத்துப் போனார். ஒரு பஸ்ஸைத் தாண்டும்போது எஞ்சின் வெடித்துச் சக்கரம் இறுகிவிட்டது. வண்டி குறுக்கே திரும்பி நின்றது. எதிரே பஞ்சு லாரி.

சேலம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் நன்றாகப் பேசினார். "முள்ளு நிக்கவே இல்ல செல்லி. ஏழுல நிக்கோணும். பத்து, பன்னெண்டுன்னு போயிட்டே இருந்துச்சு. பஸ்ஸைத் தாண்டற நேரம், காலை எடுக்க முடியல. ஏன்னு மச்சானுக்கு எழுதிக் கேளு" என்றார். ஆகவே நான் எழுதியது பொய்யில்லை அண்ணா. அவர் கேட்கச் சொன்னதைத்தான் கேட்டேன்.

அவர் போனதை ஏன் எழுதவில்லை என்று நினைப்பீர்கள். தெரிந்தால் நீங்கள் எனக்கு ஆறுதலாகத்தான் பதில் எழுதுவீர்கள், உண்மையை எழுதமாட்டீர்கள். எனக்கு உண்மை வேண்டியிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவினோம். அவர் வெளிப்பக்கம் தேய்த்தார். எஞ்சினுக்கும் பொட்டு வைக்க வேண்டுமே என்று நான் பேனட்டைத் திறந்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். துடைக்கும்போது அந்தக் கறுப்பு ரப்பர் கையோடு வந்துவிட்டது. பயந்துபோய்த் திரும்பச் சொருகிவிட்டேன். இறுக்கமாகத்தான் இருந்தது. அதன் மேலேயே சந்தனம் வைத்தேன். மறுநாள் வாசல் கூட்டும்போது ஒரு சின்ன கிளிப் கிடந்தது. அது எதனுடையது என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எஞ்சினில் ஏன் கை வைத்தாய் என்று திட்டுவார். நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நட்டு டப்பாவில் போட்டுவிட்டேன். போட்டதும் மறந்தும் போயிற்று.

உடைந்த வண்டியைப் பட்டறைக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். உங்கள் டிசம்பர் கடிதம் வந்த அன்று நான் போய்ப் பார்த்தேன். ஓஸ் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் நுனி கிழியவில்லை. வழவழவென்று இருக்கிறது.

மாமனார் உங்களைத்தான் வைகிறார். "ஒன்ற அண்ணன் அனுப்புன எமன்தான் என்ற பையனைத் தின்னுபோட்டுது. செத்ததுக்கு ஒரு வரி எழுதுனானா அவன்?" என்கிறார். உங்களுக்குத் தெரியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரண்டு மரை ஒன்றும் செய்யவில்லை அண்ணா. முள் ஏழில் நின்றுகொண்டுதான் இருந்தது.

செல்லியம்மாள்


ஸ்டுட்கார்ட்
20-4-1984

அன்புள்ள செல்லிக்கு,

உன் உடம்பைக் கவனித்துக்கொள். மயிலுவை நினைத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஜனவரியில் நான் எழுதியது தப்பு என்று புரிந்தது. புது மாடலை மனசில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். நான் அனுப்பியது பழைய மாடல். அதில் அந்த ரப்பர் ஓஸ் மீட்டருக்குப் போவது. மீட்டர் முள்ளை ஆட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அது கழன்றாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே பெரிய எஞ்சினியரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

காரணம் நட்டுதான். இரண்டு மரையை அந்த எஞ்சின் தாங்கவில்லை. அது நான் சொல்லி நடந்தது. உன் மாமனார் சொல்வது சரி. அவர் என்னை வையட்டும்.

நீ இதை யாரிடமும் சொல்லாதே. சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணன்
தண்டாயுதபாணி


திருச்செங்கோடு
15-5-1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மயிலு சுகம். நானும் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

மீட்டருக்குப் போவது செம்புக் குழாய் அண்ணா. அவரே இழுத்தது. அந்த ரப்பர் போய்ச் சேருவது கதவுக்குப் பக்கத்திலிருக்கும் வட்டப் பெட்டிக்கு. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் போய் விரலால் தடவிப் பார்த்தேன். நீங்கள் சொல்வதுபடி பார்த்தால், அது கழன்ற பிறகு மீட்டர் முள் ஆடியே இருக்காது. அவர் முள் ஏறியதைப் பார்த்தார்.

எனக்காகத்தான் எழுதினீர்கள். இனி அப்படி எழுதாதீர்கள். அப்புறம் நீங்கள் எதை எழுதினாலும் நம்ப முடியாமல் போய்விடும். எனக்கு எழுத நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

மாமனாரிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதம் நாலாம் தேதி வெள்ளிக்கிழமை காலை அவருடைய சொந்தக்காரர்கள் ஒரம்பரையாக வந்திருந்தார்கள். அவர்களிடம் உங்களைப் பற்றி ஆரம்பித்தார். என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. மாமனார் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் அவர் கிட்டே போய் உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் துணியிலிருந்து கிளிப் வரை எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு விஷயமே தெரியாது என்பதையும் சொன்னேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"தெரிஞ்சா பண்ணுன?"

"இல்லீங்க மாமா."

"அப்பறம் அவங்கிட்ட ஏஞ்சாமி சொல்லாம உட்ட?"

"வைவாருன்னுங்க."

"வஞ்சிருப்பான்" என்றார். "வஞ்சுபோட்டு, கிளிப்ப மாட்டீருப்பான்."

அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்விட்டார். அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. மறுநாள் காலை கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டித் தானே அடுப்புப் பற்றவைத்தார். இன்றோடு பதினொரு நாள். அவரே பொங்கிக்கொள்கிறார். மயிலு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்கும் ஒரு தட்டில் போடுகிறார். உங்களை வைவதை நிறுத்திவிட்டார். என்மேல் கோபமில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "சாமி, கதவைச் சாத்திக்க, மழ வருது" என்று முன்பு போலத்தான் கூப்பிடுகிறார்.

கல் அடுப்பில் சோறு குழைந்துபோகிறது, அவருக்குச் செரிக்காது. குழம்பாவது வைத்துக் கொடுக்கிறேன் என்று கேட்டேன். கேட்காத மாதிரி போய்விட்டார். தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீரை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். சாயங்காலம் எடுக்கப் போனால் வைத்த மட்டத்திலேயே இருக்கிறது. செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடியும் நிரப்பி வைக்கிறேன்.

லீவு கிடைத்தால் வாருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்லியம்மாள்